அறுந்த நூலும் ஓடும் தறியும்

2018 ஜனவரி. மும்பை பிராடி ஹவுஸ் கட்டடத்தில் இயங்கிய பஞ்சாப் நேஷனல் வங்கிக் கிளைக்கு வைர வணிகம் செய்யும் சில நிறுவனங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வெளிநாட்டில் இறக்குமதிக் கடன் வாங்குவதற்கு வங்கி தரும் பொறுப்புறுதிக் கடிதம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. பொறுப்பில் இருந்த அதிகாரி விதியைச் சொன்னார்: முழுத் தொகைக்கும் ரொக்க முன்பணம் கட்டினால்தான் கடிதம். இதற்கு முன் எத்தனையோ முறை வாங்கியிருக்கிறோம், அப்படி எதுவும் கட்டியதில்லை என்று பதில் வந்தது. அதிகாரி பழைய பதிவுகளைப் புரட்டினார். வங்கியின் கோர் பேங்கிங் மென்பொருளில் அந்தக் கடிதங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மாத இறுதியில் சிபிஐயிடம் போன முதல் புகாரில் இருந்த தொகை சுமார் 280 கோடி ரூபாய். பிப்ரவரி 14 அன்று பங்குச் சந்தைக்கு வங்கி தெரிவித்த தொகை 11,400 கோடியை ஒட்டியது. பிறகு அது 13,000 கோடியைத் தாண்டியது. யார் செய்தார், யார் உடந்தை என்பது நீதிமன்றங்களின் வேலை. என்னை இழுத்துப் பிடித்துக்கொண்டது இன்னொரு கேள்வி. பல ஆண்டுகளாக நடந்த ஒன்று, கணினிமயமான ஒரு பெரிய வங்கியின் கண்ணில் எப்படிப் படாமல் போனது?

இந்தக் கடிதங்கள் ஸ்விஃப்ட் என்ற பன்னாட்டுச் செய்திப் பிணையம் வழியாக வெளிநாட்டு வங்கிக் கிளைகளுக்குப் போயின. கணக்கு வழக்கு ஃபினாக்கிள் என்ற கோர் பேங்கிங் மென்பொருளில் இருந்தது. அந்த வங்கியில் அன்று இந்த இரண்டுக்கும் நடுவே தானியங்கித் தொடர்பு கிடையாது. ஸ்விஃப்டில் ஒரு செய்தியை அனுப்பினால் அதைக் கோர் பேங்கிங்கில் தனியாக ஒருவர் பதிய வேண்டும். பதியாமல் விட்டாலும் எந்த விளக்கும் சிவக்காது. ஸ்விஃப்ட் தன் வேலையைப் பிசகில்லாமல் செய்தது. ஃபினாக்கிளும் தன்னிடம் வந்ததைச் சரியாகவே கணக்கில் வைத்தது. இரண்டு இயந்திரங்களையும் தனித்தனியே பரிசோதித்திருந்தால் இரண்டுமே ஆரோக்கியமானவை என்ற சான்றிதழ் கிடைத்திருக்கும். நோய் இரண்டுக்கும் நடுவே இருந்த மூட்டில் இருந்தது.

வணிகச் செயல்முறையின் நலத்தைக் கண்காணிப்பது என்றால் இந்த மூட்டுகளைக் கண்காணிப்பது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் பெரும்பாலான நிறுவனங்களில் கண்காணிப்பு அறைக்குப் போய்ப் பார்த்தால் திரைகளில் தெரிவது வேறு: சர்வர் ஓடுகிறதா, நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, நெட்வொர்க் மெதுவாக இருக்கிறதா. இவையெல்லாம் தேவைதான். ஆனால் சர்வர் உயிரோடு இருப்பதும் வியாபாரம் நடப்பதும் ஒன்றாகிவிடாது.

கோயம்புத்தூரில் பம்புசெட் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ராய்ப்பூரில் உள்ள டீலர் இருபது பம்புகளுக்கு ஆர்டர் போடுகிறார். டீலர்களுக்கான இணையதளத்திலிருந்து ஆர்டர், நிறுவனத்தின் விற்பனை, கிடங்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் இஆர்பி மென்பொருளுக்குள் வந்து விழுகிறது. டீலரின் கடன் வரம்பு தாண்டியிருக்கிறதா என்று மென்பொருள் பார்க்கிறது. தாண்டியிருந்தால் ஆர்டரைக் கட்டிப்போடுகிறது. கணக்குப் பிரிவில் ஒருவர் அவிழ்த்துவிட வேண்டும். அடுத்து ஸ்டாக் ஒதுக்கீடு, டெலிவரிக் குறிப்பு, கிடங்கிலிருந்து சரக்கு வெளியேறுதல், பில். அந்தப் பில் ஜிஎஸ்டியின் மின்விலைப்பட்டியல் தளத்துக்குப் போய் 64 எழுத்துகள் கொண்ட ஓர் எண்ணை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். ஆண்டு விற்றுமுதல் ஐந்து கோடியைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இது கட்டாயம். அதன்பின் இ-வே பில். அதற்கும் பிறகுதான் லாரி கேட்டைத் தாண்டும். டீலர் பணம் அனுப்பி, அது சரியான பில்லுக்கு நேராக வரவு வைக்கப்பட்டால்தான் அந்த ஆர்டர் உண்மையில் முடிந்தது.

இதில் எத்தனை கைமாற்றங்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஆர்டர் ஓசையில்லாமல் நின்றுபோக முடியும். கடன் வரம்பில் கட்டப்பட்ட ஆர்டரை அவிழ்க்க வேண்டியவர் விடுப்பில் இருக்கலாம். மின்விலைப்பட்டியல் தளம், டீலரின் பின்கோடு தவறு என்று பில்லைத் திருப்பியிருக்கலாம். சர்வருக்கு இது பிழையே இல்லை. கேட்டார்கள், பதில் வந்தது, அவ்வளவுதான். கேட்டில் நிற்கும் லாரி டிரைவருக்கு மட்டும்தான் அது பிழை.

எஸ்ஏபி என்ற இஆர்பி மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்கு 51 என்ற எண் நன்றாகப் பழக்கம். ஓர் அமைப்பிலிருந்து இன்னோர் அமைப்புக்குத் தகவலை எடுத்துப்போகும் பொட்டலத்துக்கு அங்கே ஐடாக் என்று பெயர். பொட்டலம் வந்து சேர்ந்து, உள்ளே இருப்பதும் முறையாகப் பதிவானால் அதன் நிலை 53. வந்து சேர்ந்தும் பதிய முடியாமல் போனால் 51. வாசல்வரை வந்த தபால் வீட்டுக்குள் போகாமல் திண்ணையில் கிடப்பதைப் போன்றது இந்த நிலை. அனுப்பிய அமைப்பு, சேர்த்துவிட்டேன் என்று தன் பக்கத்தை மூடிக்கொள்கிறது. பெறும் அமைப்பில் அதை யாராவது தேடிப் பார்த்தால்தான் உண்டு.

இந்தத் தேடலைத் தானாகச் செய்யவே வணிகச் செயல்முறைக் கண்காணிப்பு மென்பொருள்கள் வந்தன. எஸ்ஏபியின் சொல்யூஷன் மேனேஜரில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. 2027 இறுதியோடு அதன் வழக்கமான பராமரிப்பு முடிகிறது; அந்த இடத்துக்கு கிளவுட் ஏஎல்எம் வந்துகொண்டிருக்கிறது. பெயர் மாறினாலும் அடிப்படைக் கேள்விகள் மாறவில்லை. சரக்கு வெளியே போய்விட்டது, பில் போடவில்லை. அப்படி எத்தனை டெலிவரிகள்? பில் போட்டாயிற்று, கணக்குப் புத்தகத்துக்குப் போகவில்லை; அப்படி எத்தனை? வாக்குக் கொடுத்த தேதி தாண்டியும் அனுப்பாத ஆர்டர்கள் எத்தனை, அவற்றில் ஒரு மாதத்துக்கும் மேல் கிடப்பவை எத்தனை?

இந்தக் கேள்விகளின் அழகு அவற்றின் எளிமையில் இருக்கிறது. எல்லாமே தேக்கத்தைத்தான் கேட்கின்றன: எது எங்கே எவ்வளவு நாளாக நிற்கிறது? நாடி பார்க்கும் வைத்தியர் முதலில் தேடுவதும் ஓட்டம் எங்கே தடைப்படுகிறது என்பதைத்தானே. சரக்கு போய்ப் பில் போகாத டெலிவரி என்பது, நிறுவனம் தன் பொருளைக் கொடுத்துவிட்டுப் பணம் கேட்க மறந்து நிற்பது. இந்த ஒரு கணக்கை முதன்முறையாக எடுத்துப் பார்க்கும் நிறுவனத்தில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் பழைய வரிகளும் கூடவே வந்து விழும். சோதனைக்குப் போட்டு மறந்தவை, ரத்து செய்யாமல் விட்டவை, இடையில் வேலையை விட்டுப்போனவர்கள் பாதியில் நிறுத்தியவை. அவற்றைக் கழித்துச் சுத்தம் செய்யாமல் அளக்கத் தொடங்கினால் உண்மையான தேக்கம் அந்தக் குப்பைக்குள் ஒளிந்துகொள்ளும். இந்தத் துப்புரவு வேலைக்கு யாரும் பாராட்டு விழா எடுப்பதில்லை. ஆனால் கண்காணிப்புத் திட்டம் உயிர் பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் இங்கேதான் என்று நினைக்கிறேன்.

இந்தச் சிந்தனையின் வேர் கணினிக்கு முந்தையது. 1924ஆம் ஆண்டை இதற்கு ஒரு தொடக்கமாகக் கொள்ளலாம். அந்த ஆண்டு ஜப்பானில் சகிச்சி டொயோடா தம் ஜி வகைத் தானியங்கித் தறியை முடித்தார். பாவு நூல் ஒன்று அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். அறுந்த நூலோடு தறி ஓடிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று நெசவு தெரிந்தவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. துணி வந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் அது பழுதான துணி. தறி தானே நின்றுவிடுவதால் ஒவ்வொரு தறிக்கும் ஒருவர் காவல் நிற்க வேண்டியதில்லை; ஒரே தொழிலாளி பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. அந்தக் குடும்பம் பிறகு தொடங்கிய கார் தொழிற்சாலையில், பிழையைக் கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து உற்பத்தியையே நிறுத்தலாம் என்ற வழக்கமாக இது வளர்ந்தது.

அதே 1924இல், மே 16 அன்று, அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வால்டர் ஷூஹார்ட் தம் மேலதிகாரிக்குச் சிறு குறிப்பு ஒன்றை எழுதினார். அதில் ஒரு வரைபடம்: நடுவில் ஒரு கோடு, மேலும் கீழும் ஒவ்வோர் எல்லைக் கோடு. உற்பத்தியில் ஏற்ற இறக்கம் இல்லாமல் இருக்காது. அந்த இயல்பான அசைவுக்கெல்லாம் துள்ளிக் குதித்தால் இருப்பதும் கெடும். எல்லைக் கோட்டைத் தாண்டும்போதுதான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஒரு காரணம் பின்னால் இருக்கிறது என்று கொள்ள வேண்டும். இன்றைய கண்காணிப்புத் திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் மாற்றும் ஒவ்வோர் அளவுகோலும் இந்தக் குறிப்பின் வாரிசு. வாரிசுகள் பலவற்றில் பாட்டனின் கவனம் இல்லை என்பது என் வருத்தம். இந்த நிறுவனத்தில், இந்தப் பருவத்தில், மாதக் கடைசியில் எது இயல்பு என்று அளந்து பார்க்காமல், 'நூற்றுக்கு மேல் போனால் சிவப்பு' என்று யாரோ ஒரு கூட்டத்தில் சொன்ன எண்ணை வைத்துவிடுகிறார்கள். தீபாவளிக்கு முந்திய வாரம் திரை முழுவதும் சிவப்பாகும். இரண்டாம் நாளிலிருந்து சிவப்பை யாரும் பார்க்க மாட்டார்கள்.

எச்சரிக்கை பெருகினால் என்ன நடக்கும் என்பதற்குத் தொழிற்சாலை உலகில் ஒரு கொடிய பாடம் உண்டு. 1994 ஜூலை 24 அன்று வேல்ஸில் மில்ஃபோர்டு ஹேவன் பகுதியில் இருந்த டெக்சகோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடித்தது. வெடிப்புக்கு முந்திய சுமார் 11 நிமிடங்களில் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் மேல் 275 எச்சரிக்கைகள் வந்து விழுந்தன. உண்மையான ஆபத்தைச் சொன்ன மணியும் அந்த இரைச்சலுக்குள்தான் அடித்தது.

மில்ஃபோர்டு ஹேவனில் சத்தம் அதிகம். சத்தமே கேட்காத சம்பவம் 2012 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் பங்குச் சந்தையில் நடந்தது. நைட் கேப்பிட்டல் என்ற தரகு நிறுவனம் அன்று ஒரு புதிய வர்த்தகத் திட்டத்துக்காகத் தன் மென்பொருளை மாற்றியிருந்தது. ஆர்டர்களைப் பிரித்து அனுப்பும் அந்த மென்பொருள் எட்டு சர்வர்களில் ஓடியது. புதிய நிரலை ஏற்றியவர் ஏழில் ஏற்றினார், ஒன்று விட்டுப்போனது. இரண்டாவது ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற நடைமுறை அங்கே எழுதி வைக்கப்படவில்லை. விட்டுப்போன சர்வரில் பவர் பெக் என்ற பழைய நிரல் கிடந்தது. 2003இலேயே பயன்பாட்டை நிறுத்திவிட்டார்கள், அழிக்கவில்லை. புதிய திட்டத்துக்காக எடுத்துக்கொண்ட அடையாளக்குறி, முன்பு அந்தப் பழைய நிரலை எழுப்பிய அதே குறி. சந்தை திறந்தது; செத்த நிரல் எழுந்தது.

கேட்ட அளவு பங்கு வாங்கியாயிற்று என்பதை அந்த நிரலால் உணர முடியவில்லை. எனவே வாங்கிக்கொண்டே இருந்தது, விற்றுக்கொண்டே இருந்தது. 212 வாடிக்கையாளர் ஆர்டர்களை நிறைவேற்றப் போய், சுமார் 45 நிமிடங்களில் 154 நிறுவனங்களின் பங்குகளில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வர்த்தகங்கள் நடந்தன. கைமாறிய பங்குகள் 39.7 கோடி. நிறுவனத்துக்கு நட்டம் 46 கோடி டாலருக்கும் மேல். அடுத்த ஆண்டே அது இன்னொரு நிறுவனத்தோடு இணைந்துபோனது.

2013 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காற்று ஆணையம் வெளியிட்ட உத்தரவில் நான் திரும்பத் திரும்பப் படித்த பகுதி இந்த நட்டக் கணக்கைப் பற்றியதன்று. அன்று காலை 8:01 மணியளவில், சந்தை திறக்க ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே, நிறுவனத்தின் உள் மென்பொருள் ஒன்று ஊழியர் குழுவுக்குத் தானாக மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கிவிட்டது. பவர் பெக் முடக்கப்பட்டுள்ளது என்ற பிழைக்குறிப்பு அதில் இருந்தது. மணி 9:30க்குள் அப்படி 97 மின்னஞ்சல்கள். அவற்றை எச்சரிக்கை என்று யாரும் வடிவமைக்கவில்லை. வந்தவுடன் படிப்பது யாருடைய கடமையும் ஆகவில்லை. மொத்த வர்த்தக நிலையைக் காட்டும் இன்னொரு மென்பொருளும் இருந்தது. அது மனிதர் கண்ணால் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டிய ஒன்று; தானாகக் குரல் கொடுக்காது, எந்தக் கணக்குக்கு எவ்வளவு வரம்பு என்றும் காட்டாது. பிழையான வர்த்தகங்கள் குவிந்த கணக்குக்கு 20 லட்சம் டாலர் என்று ஒரு வரம்பு இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்த வரம்பைத் தாண்டினால் வர்த்தகத்தை நிறுத்தும் எந்தப் பொறியோடும் அது இணைக்கப்படவில்லை.

ஆக, அறிகுறி இருந்தது. அளவுகோல் இருந்தது. வரம்பும் இருந்தது. டொயோடாவின் தறியில் இருந்த ஒன்று மட்டும் இல்லை: நூல் அறுந்த செய்திக்கும் தறி நிற்பதற்கும் நடுவே ஒரு தொடர்பு. இன்னொரு கொடுமையும் நடந்தது. என்ன ஆகிறது என்று புரியாத தொழில்நுட்பக் குழு, புதிய நிரல்தான் காரணம் என்று நினைத்து அதைச் சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் எடுத்தது. அதுவரை ஒன்றில் மட்டும் ஓடிய பழைய நிரல் எட்டிலும் ஓடத் தொடங்கியது. எந்தச் சர்வரிலிருந்து எந்த ஆர்டர் போகிறது என்று செயல்முறையாகப் பார்க்கும் ஒரு திரை இருந்திருந்தால், எட்டில் ஒன்று மட்டும் வேறுபடுவது தெரிந்திருக்கும்.

செயல்முறையை அப்படி முழுதாகப் பார்க்க முயலும் ஒரு துறை கடந்த கால் நூற்றாண்டில் வளர்ந்திருக்கிறது. செயல்முறை அகழ்வு என்று அதைச் சொல்லலாம். நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தில் வில் வான் டெர் ஆல்ஸ்ட் இதற்கு அடித்தளம் போட்டார். மியூனிக்கில் மூன்று மாணவர்கள் 2011இல் தொடங்கிய செலோனிஸ் இதைப் பெரிய வணிகமாக்கியது. மூலக்கருத்து வியக்கவைக்கும் அளவுக்கு எளிது. எந்த நிறுவன மென்பொருளும் ஒவ்வொரு செயலுக்கும் தடயம் விட்டுச் செல்கிறது: எந்த ஆர்டர், என்ன செயல், எத்தனை மணிக்கு. இந்த மூன்றையும் எடுத்துக் கோத்தால், நடைமுறைக் கையேட்டில் எழுதியிருக்கும் வழிக்குப் பதிலாக மனிதர்கள் உண்மையில் நடந்த வழி தெரியவரும். புல்வெளியில் போட்ட சிமெண்டுப் பாதையும், அதை வெட்டிக்கொண்டு போகும் ஒற்றையடிப் பாதையும் ஒரே வரைபடத்தில் தெரிவது போல.

2019இல் ஆய்வாளர்களுக்கான போட்டி ஒன்றுக்காக, நெதர்லாந்திலிருந்து இயங்கும் ஒரு பன்னாட்டுப் பூச்சுப்பொருள் நிறுவனத்தின் கொள்முதல் பதிவுகள் பொதுவில் வைக்கப்பட்டன. 2,51,734 கொள்முதல் உருப்படிகள், ஏறத்தாழ 16 லட்சம் நிகழ்வுகள், ஆனால் செயல் வகைகள் 42தான். ஆர்டர் போடு, சரக்கை வாங்கு, பில்லைப் பதிவு செய், பணம் கொடு என்று நாலே வரியில் சொல்லிவிடக்கூடிய வேலை பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட வெவ்வேறு வரிசைகளில் நடந்திருந்தது. எல்லாம் தவறு என்று சொல்ல முடியாது. பகுதி பகுதியாகச் சரக்கு வரும், விலை திருத்தப்படும், விற்பனையாளர் கடன் குறிப்பு அனுப்புவார். ஆனால் பில் வந்தபிறகு அதற்கேற்ப ஆர்டர் எழுதப்படும் கொள்முதல் எந்த ஊரிலும் கேள்விக்குரியது. ஒப்புதல் என்பது அங்கே சடங்காகிவிடுகிறது. கையேட்டைப் படித்தோ மேலாளரைக் கேட்டோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. தேதிகளை வரிசையில் வைத்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

அதே பதிவுகளில் இன்னொரு விவரமும் இருக்கிறது. அந்த நிகழ்வுகளுக்குப் பின்னால் 627 பயனர்கள். அதில் 20 தானியங்கி நிரல்கள், மீதி 607 பேர் மனிதர்கள். பொதுவில் வைக்கும்போது பெயர்கள் மறைக்கப்பட்டன. நிறுவனத்துக்குள் அவை மறைந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆர்டர் எங்கே நிற்கிறது என்று காட்டும் அதே கண்ணாடி, யாருடைய மேசையில் நிற்கிறது, அவர் எத்தனை மணிக்குத் தொடங்கினார், ஒரு பில்லுக்கு எத்தனை நிமிடம் எடுத்தார் என்றும் காட்டும். ஜெர்மனியில் ஊழியரின் நடத்தையையோ செயல்திறனையோ கண்காணிக்க வல்ல தொழில்நுட்பத்தைக் கொண்டுவர, தொழிலாளர் குழு இருக்கும் இடங்களில் அதன் இசைவு வேண்டும் என்று பணியிட அமைப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவு சொல்கிறது. எஸ்ஏபியும் செலோனிஸும் பிறந்த நாடு அது. நம் நாட்டு அலுவலகங்களில் பொதுவாக அப்படி இசைவு கேட்கும் ஏற்பாடு இல்லை. இதை ஒரு நுணுக்கமான சட்டப் பிரச்சினை என்று நான் கருதவில்லை. கண்காணிப்பின் பலனே இதில் அடங்கியிருக்கிறது. தேக்கத்தைக் காட்டும் எண் தன் மேல் பாயும் என்று தெரிந்தால், கடன் பிரிவில் இருப்பவர் ஆர்டரைப் படிக்காமலே அவிழ்த்துவிடுவார். நாள்பட்ட புகார்ப் பதிவை மூடிவிட்டு, அதற்கே புதிதாக ஒன்று திறப்பார். எண் பச்சையாகும். லாரி கேட்டில்தான் நிற்கும். கயிற்றை இழுத்தவரைத் தண்டிக்கும் ஆலையில் கயிறு தொங்கிக்கொண்டிருக்கும், யாரும் இழுக்க மாட்டார்கள்.

இனி மும்பைக்குத் திரும்புவோம். பிராடி ஹவுஸ் கிளையில் செயற்கை நுண்ணறிவோ செயல்முறை அகழ்வோ தேவைப்பட்டிருக்காது. இன்று ஸ்விஃப்டில் வெளியே போன பொறுப்புறுதிக் கடிதங்கள் எத்தனை, கோர் பேங்கிங்கில் பதிவானவை எத்தனை என்று இரண்டு எண்களை ஒவ்வொரு மாலையும் அருகருகே வைத்து, அந்தத் தாளை அந்தக் கிளைக்கு வெளியே உள்ள, கடிதம் அனுப்பும் உரிமை இல்லாத ஒருவரிடம் கொடுத்திருந்தால் போதும். வித்தியாசம் சுழியாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மறுநாள் காலை அந்தக் கிளையின் ஸ்விஃப்ட் முனையம் திறக்கக் கூடாது. மளிகைக் கடையில் இரவு கல்லாவை எண்ணிச் சிட்டையோடு ஒப்பிடும் அதே வேலைதான்.

ரிசர்வ் வங்கிக்கு இந்த மூட்டின் பலவீனம் தெரிந்தே இருந்தது. ஸ்விஃப்ட் தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்று 2016 ஆகஸ்ட் முதல் குறைந்தது மூன்று முறை வங்கிகளை எச்சரித்ததாக 2018 பிப்ரவரியில் அது அறிவித்தது. அந்த எச்சரிக்கைகளைப் படிக்கும்போது நைட் கேப்பிட்டலின் 97 மின்னஞ்சல்கள் நினைவுக்கு வராமல் இருக்காது. மார்ச் 13 அன்று இத்தகைய கடிதங்கள் தருவதையே ரிசர்வ் வங்கி நிறுத்தியது. ஸ்விஃப்டையும் கோர் பேங்கிங்கையும் ஏப்ரல் 30க்குள் நேரடியாக இணைக்க வேண்டும் என்று எல்லா வங்கிகளுக்கும் கெடு வைத்தது. கெடு முடிந்து ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2019 மார்ச்சில், ஸ்விஃப்ட் தொடர்பான உத்தரவுகளைச் சரியாக நிறைவேற்றாததற்காக 36 வங்கிகளுக்கு மொத்தம் 71 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பஞ்சாப் நேஷனல் வங்கியும் அபராதத்திலிருந்து தப்பவில்லை.